ஒன்பதாம் வகுப்பு மகள் ஒரே நாவலை நான்காம் முறையாகப் படிக்கிறாள்: விட்டுவிடலாமா, வேறு பக்கம் திருப்ப வேண்டுமா?

கேள்வி: மேற்கு மாம்பலத்திலிருந்து ஒரு தகப்பன்

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். ஏழாம் வகுப்புத் தேர்வு முடிந்த கோடை விடுமுறையில் திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றிரவே ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும் வேண்டும் என்றாள். தியாகராய நகர்க் கடை ஒன்றில் மலிவுப் பதிப்பாக வாங்கிக் கொடுத்தேன். இப்போது நான்காவது சுற்று நடக்கிறது. மூன்றாம் பாகம் முதுகு பிளந்து இரண்டாகிவிட்டதால், சாக்குத் தைக்கும் ஊசியால் தானே தைத்து, பழைய நாட்காட்டி அட்டையை மேலுறையாக ஒட்டி வைத்திருக்கிறாள். சாப்பிடும்போது புத்தகம் மூடிக்கொள்ளாதபடி பக்கத்தின் மேல் தண்ணீர் டம்ளரை வைத்துக்கொள்வாள். அதனால் பல பக்கங்களில் வட்ட வட்டமாகக் கறை. கணக்கு ரஃப் நோட்டைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்தால், எந்த நாள் இரவில் எந்தப் பாத்திரம் எந்த ஊரில் இருந்தது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள்.

படிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வேறு எந்தப் புத்தகத்தைக் கொடுத்தாலும் பத்துப் பக்கத்தில் மூடிவிட்டு, “இதில் ஒன்றுமே நடக்கவில்லையே அப்பா” என்கிறாள். பிறந்த நாளுக்கு வந்த நான்கு புத்தகங்கள் பிரிக்காமலே கிடக்கின்றன. அடுத்த ஆண்டு பொதுத் தேர்வு வருகிறது, ஐந்தையும் பீரோவில் வைத்துப் பூட்டு என்கிறார் என் மைத்துனர். படிக்கிற பிள்ளையின் கையிலிருந்து எதையும் பிடுங்காதே என்கிறார் என் தாயார். மதிப்பெண் சுமாராக வந்துகொண்டுதான் இருக்கிறது. எனவே என் கேள்வி தேர்வைப் பற்றியதன்று. இது வாசிப்பின் மேல் உள்ள ஆசையா, ஒரே ஒரு கதையின் மேல் உள்ள ஆசையா? இரண்டாவது என்றால், அடுத்த புத்தகத்துக்கு அவளை எப்படி அழைத்துச் செல்வது? அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற கிளை நூலகர்

ஐயா, சென்னையின் கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றியவள் என்ற முறையில் எழுதுகிறேன். புத்தகத்தின் பின்னட்டையில் ஒட்டும் தேதிச் சீட்டு நூலகருக்கு நாடி பார்ப்பது போன்றது. நீங்கள் சொல்லும் நாவலின் முதல் பாகத்தில் சீட்டு நிரம்பி, அதன் மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருக்கும். நான்காம், ஐந்தாம் பாகங்களில் முதற்சீட்டிலேயே இடம் மிச்சம் இருக்கும். வழியில் இறங்கிக்கொள்ளும் பெரியவர்களே அதிகம் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அப்படியிருக்க, பதினான்கு வயதுப் பெண் ஐந்து பாகங்களையும் மூன்று முறை முடித்திருக்கிறாள் என்றால், நீண்ட நூலோடு உட்காரும் பொறுமை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிற பெற்றோர் தேடி அலைவது அதைத்தான்.

என் தவறு ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இரும்புக்கை மாயாவி ரகத்துக் காமிக்ஸ்களையே கேட்டுக்கொண்டு வருவான். அவை நூலகத்தில் இல்லை என்று சொல்வதோடு நிறுத்தாமல், “உருப்படியாக ஏதாவது படி” என்று ஒரு பொது அறிவுத் தொகுப்பை அவன் அட்டையில் பதிந்து கொடுத்து அனுப்பினேன். சொன்ன நாளுக்கு முன்பே புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான். அதன் பிறகு அவன் வரவே இல்லை. சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. பயிற்சிக் காலத்தில் அதை மனப்பாடம் செய்து தேர்வெழுதியவள்தான் நான். அந்தச் சிறுவன் மேசைக்கு முன்னால் நின்றபோது அது நினைவுக்கு வரவில்லை.

ஆகவே தேர்ந்தெடுத்துக் கொடுப்பதைச் சிறிது காலம் நிறுத்துங்கள். நீங்கள் கொடுத்தவற்றை அவள் படிக்கவில்லை என்பதற்கு, நீங்கள் கொடுத்தீர்கள் என்பதே பாதிக் காரணமாக இருக்கலாம். உங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் அவள் பெயரிலேயே உறுப்பினர் அட்டை எடுத்துக் கொடுத்து, அடுக்குகளுக்கு நடுவே தனியாக விட்டுவிட்டு, நீங்கள் வெளியே நாளிதழ் படித்துக்கொண்டிருங்கள். வீட்டுக்குச் சொத்து வரி கட்டும்போது நூலக வரியையும் சேர்த்தே கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்திலிருந்து தொடரும் ஏற்பாடு அது. கட்டிய பணத்துக்குப் பயன் கொள்ள வேண்டாமா! ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கும் அழைத்துச் செல்லுங்கள். அங்கே குழந்தைகள் பிரிவு தனியாக இருக்கிறது. ஆனால் ஒன்பதாம் வகுப்புக்காரியை அங்கே உட்காரச் சொல்லிவிடாதீர்கள், கோபித்துக்கொள்வாள். தமிழ் நூல்கள் இருக்கும் தளத்துக்கு நேரே அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி 2: வரலாற்று ஆசிரியர், புரசைவாக்கம்

நூலகர் அம்மையாரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் அவர் தொடாத சிக்கல் ஒன்று இருக்கிறது. சோழர் பாடத்தில் நான் வைத்த தேர்வில் ஒரு மாணவி, இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனின் மரணத்துக்கு நந்தினியின் பழிவாங்கும் எண்ணமே காரணம் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தாள். எழுத்து அழகாக இருந்தது. மதிப்பெண் தர முடியவில்லை. நந்தினி கல்கியின் கற்பனை. ஆழ்வார்க்கடியானும் அப்படியே. வந்தியத்தேவன் மட்டும் கற்பனையல்லன்: குந்தவையின் கணவர் வல்லவரையர் வந்தியத்தேவர் என்பது தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டிலேயே இருக்கிறது. எது கல்லில் இருந்து வந்தது, எது பேனாவில் இருந்து வந்தது என்ற கேள்வி உங்கள் மகளுக்குள் ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்த புத்தகத்தை நீங்கள் தேட வேண்டியதில்லை, அவளே தேடுவாள். ரஃப் நோட்டில் கட்டம் போடுகிறவள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் இதைச் சொல்லத் துணிகிறேன்.

தொடங்குவதற்கு நல்ல இடம் உடையார்குடிக் கல்வெட்டு. காட்டுமன்னார்கோயிலில், நாவல் தொடங்கும் அதே வீரநாராயண ஏரிக்கு அருகிலேயே, அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. முதலாம் இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட அது, கரிகாலனைக் கொன்று துரோகிகளானவர்களின் பெயர்களைச் சொல்லி, அவர்களுடைய உறவினரின் நிலங்கள் பறிக்கப்பட்ட செய்தியைத் தருகிறது. சோமன், இரவிதாசன், பரமேசுவரன் என்ற பெயர்களைப் பார்த்தவுடன் உங்கள் மகள் துள்ளிக் குதிப்பாள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இராசராசன் பட்டமேறியது 985இல். கொலை நடந்ததோ அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னால். இடையில் ஆண்டவர் உத்தம சோழர். இந்த இடைவெளியை வைத்து, உத்தம சோழருக்கு அந்தக் கொலையில் பங்கிருக்கக்கூடும் என்று நீலகண்ட சாஸ்திரியார் கருதினார். சதாசிவப் பண்டாரத்தார் அதை ஏற்காமல் மறுத்தார். இரண்டு அறிஞர்கள் ஒரே கல்வெட்டைப் படித்து இரண்டு முடிவுக்கு வந்திருக்கிறார்கள். பண்டாரத்தாரின் நூல் தமிழிலேயே இருக்கிறது; அந்தப் பகுதியை மட்டும் எடுத்துக் கொடுத்து, நீ யார் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் போய் வரலாம் (வெள்ளிக்கிழமை விடுமுறை). படிமக் கூடத்தில் உள்ள திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன் எந்தக் குழந்தையும் சற்று நேரம் பேசாமல் நிற்கும். உத்தம சோழரின் செப்பேடு ஒன்று ஆய்வாளரிடையே ‘சென்னை அருங்காட்சியகச் செப்பேடு’ என்ற பெயராலேயே வழங்குகிறது. நாவலில் அந்தப் பெயரைச் சுற்றி எத்தனை சூழ்ச்சி, எத்தனை நள்ளிரவுக் கூட்டம்! செப்பேட்டிலோ காஞ்சிபுரத்துக் கோயில் ஒன்றுக்கான நிவந்தங்களும் (கோயிலுக்கு எழுதிவைத்த கொடைகள்) அவற்றின் கணக்கும்தான். அந்த வேறுபாட்டை ஒரு குழந்தை உணர்ந்தாலே போதும். அதே வளாகத்தில்தான் 1896இல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகமும் இருக்கிறது. இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைச் சட்டப்படி பெறும் நான்கு நூலகங்களுள் அது ஒன்று.

மறுமொழி 3: கல்லூரி மாணவி, இரண்டாம் ஆண்டு

ஐயா, நான் நான்கு ஆண்டுகளுக்கு முன்பு உங்கள் மகளாகத்தான் இருந்தேன். ஆசிரியர் ஐயா சொன்னவை அனைத்தும் அருமையானவை என்றாலும், அவற்றை அடுத்த சனிக்கிழமையே வரிசையாகச் செய்து முடித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் பிடித்த புத்தகத்தை என் வீட்டார் பாடமாக்கினார்கள். ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் சுருக்கம் எழுதச் சொன்னார்கள். இரண்டாம் பாகத்தோடு எனக்கு அலுத்துவிட்டது. மறுபடி கையில் எடுக்க ஓராண்டு ஆயிற்று.

“ஒன்றுமே நடக்கவில்லை” என்று அவள் சொல்வதன் காரணம் எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். லஸ் பக்கம் நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம், யாரோ வார இதழிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்திருந்த தொடர்கதை ஒன்று எனக்குக் கிடைத்தது. ஓரங்கள் அப்பளம் போல் நொறுங்கும். பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட தலைவலித் தைல விளம்பரங்கள். அதைப் புரட்டியபோதுதான், இந்த நாவலும் 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்த தொடர் என்பதன் பொருள் எனக்கு உறைத்தது. ஒவ்வோர் அத்தியாயமும் அடுத்த வாரம் வரை வாசகரைத் தவிக்க விட வேண்டும். எனவே ஒவ்வொன்றும் ஒரு கதவு தட்டப்படும் ஓசையிலோ, இருட்டில் தெரியும் முகத்திலோ போய் முடியும். அந்த வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு மற்றப் புத்தகங்கள் நின்றுகொண்டிருப்பது போலத்தான் தோன்றும். அவளிடம் குறை ஒன்றும் இல்லை.

என்னை மாற்றியது அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ என்ற சிறுகதை. பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். சினிமாக் கம்பெனி ஒன்றுக்கு வேலை கேட்டு ஒருவன் வருகிறான்; அங்கிருப்பவர்கள் முன்னால் புலியாகவே மாறிக் காட்டுகிறான்; போய்விடுகிறான். பிறகு அவனைத் தேடும்போது அவன் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் கதை. கதவும் தட்டப்படவில்லை, கத்தியும் உருவப்படவில்லை; ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இதே எழுத்தாளர் சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தை வைத்து ‘தண்ணீர்’ என்று ஒரு சிறு நாவலும் எழுதியிருக்கிறார். அதற்கு இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்திருக்கலாம். ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி வரும்போது ஒரு தொகையை அவள் கையில் கொடுத்துவிட்டு, பட்டியல் எதுவும் கொடுக்காமல், நீங்கள் மிளகாய் பஜ்ஜிக் கடைப் பக்கம் போய்விடுங்கள். முதல் ஆண்டு கட்டாயம் தவறான புத்தகங்களைத்தான் வாங்குவாள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுதப் பத்து நாள் தாமதமாகிவிட்டது. நூலகர் அம்மையார் சொன்னபடி உறுப்பினர் அட்டைக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். பிறந்த நாள் புத்தகங்களைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை. அவற்றுள் ஒன்று நேற்று மேசையிலிருந்து காணாமல் போயிருந்தது, நான் கேட்கவில்லை.

‘புலிக்கலைஞன்’ கதையை நான் முதலில் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே சோபாவில் வைத்துவிட்டுப் போனேன். இரவு படித்திருக்கிறாள். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, காலுறையை மாட்டிக்கொண்டே, “அவன் எங்கே போயிருப்பான் அப்பா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். “எழுதினவருக்காவது தெரிந்திருக்குமா?” என்றாள். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியர் ஐயாவின் மறுமொழியை நான் உரக்கப் படித்தேன். இரவிதாசன் பெயர் கல்லில் இருக்கிறது என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, நோட்டை எடுத்து வந்து கட்டத்தில் அந்தப் பெயருக்கு மட்டும் சிவப்பு மையால் அடிக்கோடிட்டாள். நந்தினி கற்பனை என்றதும் முகம் வாடிப்போயிற்று. அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் உண்மையாகப் பதிவு செய்கிறேன். இதற்கிடையில் நான் ஒரு செய்தியைச் சொல்லப்போக அதுவே இப்போது பெரிதாகிவிட்டது. சென்னைக்குக் குழாய் வழியாகக் குடிநீர் அனுப்பும் ஏரிகளில் வீராணமும் ஒன்று, 2004 முதல் அங்கிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் கடந்து நம் ஊருக்குத் தண்ணீர் வருகிறது, அந்த வீராணம்தான் நாவலின் முதல் பக்கத்து வீரநாராயண ஏரி என்றேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்து வந்து, அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “வந்தியத்தேவன் குதிரை இதைத்தான் குடித்ததா?” என்றாள்.

அவள் கேட்கச் சொன்னவற்றை அப்படியே எழுதுகிறேன். “ஐயா, கதையில் அந்த ஏரிக்கு 74 கணவாய்கள் என்று வருகிறது. எங்கள் புவியியல் புத்தகத்தில் கணவாய் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ள வழி. ஏரியில் எப்படிக் கணவாய் இருக்கும்? அது மதகா? இப்போதும் 74 இருக்கின்றனவா, நடந்து போனால் எண்ண முடியுமா?” நாவல் தொடங்கும் நாளான ஆடிப் பதினெட்டன்று அங்கே இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாள். சிதம்பரம் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து காட்டுமன்னார்கோயிலுக்குப் பேருந்து பிடிப்பதாகத் திட்டம். அனந்தீசுவரர் கோயிலில் அந்தக் கல்வெட்டு எந்தச் சுவரில் இருக்கிறது, அதைப் பார்க்கவும் படம் எடுக்கவும் யாரிடம் கேட்க வேண்டும் என்று ஆசிரியர் ஐயா தெரிவித்தால் உதவியாக இருக்கும். தைத்த மூன்றாம் பாகத்தையும் கையோடு எடுத்து வரப்போவதாகச் சொல்கிறாள்.