மேட்ச் நீண்டதால் பறிபோன நிகழ்ச்சிகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். துப்பறியும் தொடர் ஒன்றின் கடைசி எபிசோட். அன்று வெளியே போகவேண்டி இருந்ததால் ரெக்கார்டிங் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ராத்திரி ஆற அமர உட்கார்ந்து போட்டால் டென்னிஸ் ஓடுகிறது, ஐந்தாவது செட், முடிகிற மாதிரியே தெரியவில்லை. ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். ஒருவழியாக மேட்ச் முடிந்து, பரிசளிப்பு முடிந்து, தோற்றவர் பேசி, ஜெயித்தவர் பேசி, அப்புறம்தான் தொடர் வந்தது. இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து "கொலை செய்தவர் இங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். ரெக்கார்டிங் அதோடு சரி.

மேட்ச் காட்டுவதில் எனக்கு வருத்தமே இல்லை. 2010 விம்பிள்டனில் இஸ்னரும் மஹுவும் 11 மணி 5 நிமிடம் ஆடினார்கள், மூன்று நாளாக. கடைசி செட் மட்டும் 70-68. இதை எந்த சேனல்காரர் முன்கூட்டியே கணக்குப் போட முடியும்? ஆனால் தள்ளிப்போன நிகழ்ச்சி எத்தனை மணிக்கு வரும் என்று கீழே ஒரு வரி ஓடவிடலாமே. அதைக்கூடச் செய்யமாட்டேன் என்கிறார்கள், அதுதான் எரிச்சல்.

*

நம் பெட்டிகள் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துப் பதிவு செய்கிறவை, பாவம் அதற்கு என்ன தெரியும். மேட்ச் இழுத்தாலும் நிகழ்ச்சி அட்டவணையை யாரும் உடனே மாற்றுவதில்லை. ஜெர்மனியில் 1985லேயே இதற்கு வழி கண்டுவிட்டார்கள்: நிகழ்ச்சி உண்மையில் தொடங்கும்போது சேனலே ஒரு சிக்னல் அனுப்பும், வீடியோ ரெக்கார்டர் அதைப் பார்த்து ஓட ஆரம்பிக்கும். இங்கே எல்லாம் நான் செய்வது ஒன்றுதான், மேட்சுக்குப் பின்னால் வருகிற நிகழ்ச்சி என்றால் அதற்கு அடுத்ததையும் சேர்த்துப் பதிவு போட்டுவிடுவேன். இடம் கொஞ்சம் வீணாகும், போகட்டும்.

*

நான் எதிர்க்கட்சி, மேட்ச் பார்க்கிறவன். எங்கள் பக்கத்துக் கதையும் இருக்கிறது. 1968 நவம்பர் 17, அமெரிக்காவில் ஜெட்ஸ் - ரைடர்ஸ் அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் (நம் கால்பந்து இல்லை). ஒரு நிமிடம் சொச்சம் பாக்கி, ஜெட்ஸ் 32-29 என்று முன்னிலை. மணி ஏழு அடித்ததும் என்பிசி சேனல் ஆட்டத்தை அப்படியே வெட்டிவிட்டு 'ஹெய்டி' என்ற குழந்தைகள் படத்தைப் போட்டுவிட்டது. அந்த மிச்ச நேரத்தில் ரைடர்ஸ் இரண்டு டச்டவுன் (எதிரணி எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோய் எடுக்கும் புள்ளிகள்) எடுத்து 43-32 என்று ஜெயித்துவிட்டது, நாட்டில் பாதிப் பேர் அதைப் பார்க்கவே இல்லை! இதில் வேடிக்கை, ஆட்டத்தைத் தொடரலாம் என்று மேலதிகாரிகள் கடைசியில் முடிவு செய்துவிட்டார்களாம், ஆனால் படம் வருமா வராதா, ஆட்டம் தொடருமா என்று கேட்டவர்களின் அழைப்புகளில் ஸ்விட்ச்போர்டு திணறியதால் அந்த உத்தரவு போய்ச்சேரவில்லை. அதற்குப் பிறகுதான் அங்கே ஆட்டம் முடிகிறவரை காட்டுவது வழக்கமானது. ஆக உங்கள் தொடர் தள்ளிப்போவதற்கு ஒரு காரணம், அன்றைக்கு எங்கள் ஆட்கள் வாங்கிய அடி.

*

அதெல்லாம் சரி, மழைக்கு என்ன பதில்? ஆட்டம் நடந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மைதானத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கும், நடுவர்கள் குடையோடு வந்து குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள், ஸ்டுடியோவில் நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு பழைய கதை பேசுவார்கள். 2023 ஐபிஎல் இறுதிப்போட்டி மே 28 அன்று ஒரு பந்துகூடப் போடாமல் மறுநாளுக்குத் தள்ளிப்போய், அன்றும் மழை வந்து, கடைசிப் பந்தில் ஜடேஜா பவுண்டரி அடித்தபோது தேதி 30 ஆகிவிட்டது. அது விளையாட்டு சேனல், அவர்கள் பாடு. பொதுச் சேனலில் இதே மாதிரி ஈரப் புல்லைக் காட்டும்போதுதான் எங்கள் பாட்டி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "விளையாடவும் மாட்டேங்குறான், என் சீரியலையும் போடமாட்டேங்குறான்" என்று திட்ட ஆரம்பிப்பார். வேறு சேனலுக்கும் மாற்ற விடமாட்டார், எந்த நிமிடமும் போட்டுவிடுவார்களாம்.