வரைபடத்தில் இல்லாத இடத்தில்தான் போன் பேசுகிறார்கள்

ஷென்டன்வே

சிங்கப்பூரில் எங்கள் அலுவலகம் அடுத்த ஆண்டு இடம் மாறுகிறது. ஒன்பது மாடி, ஏறக்குறைய 1,800 பேர். மேசைப் போனே வேண்டாம், எல்லாரும் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் பேசிக்கொள்ளட்டும், சொந்தக் கருவி கொண்டுவருபவர்களுக்கும் வழி செய்யுங்கள் என்று மேலிடம் சொல்லிவிட்டது. விற்பனையாளர்கள் வரிசையாக வந்து, வைஃபை சிக்னல் எங்கெல்லாம் எட்டும் என்று பச்சையும் மஞ்சளுமாகப் படம் காட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது வேண்டாம். நீங்கள் வைஃபைக்கும் போனுக்கும் திட்டம் போட்டபோது கண்ணில் படாமல் போனது எது? அதைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

தஞ்சோங் பகாரில் பழைய இடம். மேசைகளை எண்ணி, இருக்கைகளுக்கு நேர்மேலே ஏபி (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) மாட்டினோம். அளந்து பார்த்தால் எங்கும் பச்சை. திறந்த முதல் வாரமே "பேசிக்கிட்டே இருக்கும்போது கட் ஆவுது" என்று புகார். புகார் சொன்னவர் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்தேன். ஒன்றுமே ஆகவில்லை. நான்காம் நாள் அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. எழுந்தார், நடந்தார், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் முகப்புக்குப் போனார். கட்!

திறந்தவெளி அலுவலகத்தில் யார் மேசையில் உட்கார்ந்து பேசுவார்கள்? வங்கிக்கடன் பேச்சு, பிள்ளையின் பள்ளிக்கூடப் பேச்சு, ஏன், வாடிக்கையாளர் பேச்சுகூட லிஃப்ட் பக்கம்தான். அங்கே யாரும் உட்காருவதில்லை என்பதால் ஏபியும் இல்லை. நடுவில் கான்கிரீட் சுவர், கனமான தீத்தடுப்புக் கதவு. கைப்பேசி உள்ளே இருக்கும் ஏபியையே விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டு மைனஸ் 80 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாக சிக்னல் மெலிவு) வரை போய்த் திணறும்.

குரலுக்கு ஓரத்திலும் மைனஸ் 67 வேண்டும், பக்கத்து ஏபியின் எல்லையும் 15 முதல் 20 விழுக்காடு இதன்மேல் விழ வேண்டும் என்பதெல்லாம் எனக்குப் படிப்பில் தெரிந்ததுதான். ஆனால் அந்த 'ஓரம்' எங்கே இருக்கிறது என்று நான் நடந்து பார்க்கவில்லை. இதில் இன்னொரு சிக்கல். ஏபி மாறும் ஒவ்வொரு முறையும் கருவி முழு அடையாளச் சோதனையைத் திரும்பச் செய்தது. ஜி.711 என்ற குரல் முறை விநாடிக்கு 50 பாக்கெட் (குரலின் சின்னத் துண்டு) அனுப்பும். சோதனைக்கு ஒரு விநாடி ஆனால் ஐம்பதும் போச்சு. மறுமுனையில் இருப்பவர் "ஹலோ ஹலோ" என்று கத்திக்கொண்டிருப்பார். ஏபி மாறும்போது அந்தச் சோதனையைச் சுருக்கும் 802.11ஆர் முறையைப் போட்டதும் அது சரியானது. ஆனால் காவலர்களின் பழைய கருவிகளுக்கு அந்த நெட்வொர்க்கே தெரியாமல் போய், அவர்களுக்குத் தனிப் பெயரில் ஒன்று வைக்க வேண்டி வந்தது. கழிப்பறை நடைவழியில் ஏபி வேண்டுமா என்று ஒரு கூட்டமே நடந்தது. போட்டோம்.

துவாஸ் தம்பி

அண்ணே, உங்களுக்காவது ஆள் நடமாட்டம்தான் கண்ணில் படல. எங்களுக்கு அரிசி மூட்டையே கண்ணில் படல.

துவாஸில் புதுக் கிடங்கு. அடுக்குகள் ஒன்பது மீட்டர் உயரம். சாமான் எடுக்கும் ஊழியர்கள் காதில் ஹெட்செட் போட்டிருப்பார்கள். எந்த அடுக்கு, எத்தனை பெட்டி என்று குரல் சொல்லும், இவர்கள் பதில் சொல்லணும். நாங்கள் அளவெடுத்தது கட்டடம் கைக்கு வந்த வாரம், அடுக்கெல்லாம் காலி. உச்சிக் கூரையில் நாலா பக்கமும் வீசும் ஆன்டெனா. சிக்னல் பந்து மாதிரி துள்ளிக்கிட்டு இருந்துச்சு. அறிக்கையில் கையெழுத்தும் வாங்கிட்டோம்.

ரெண்டு மாசத்தில் சரக்கு ஏறுச்சு. தண்ணி போத்தல் பெட்டிகள், அரிசி, எண்ணெய். தண்ணி 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையைக் குடிச்சிரும்னு எல்லாருக்கும் தெரியும். ஒரு சந்து முழுக்கத் தண்ணிச் சுவர் நிக்கும்போது அது எப்படி இருக்கும்னு அன்னிக்குத்தான் பார்த்தோம். ஊழியர்களில் பாதிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கம். நாங்க கருவியோட அலைஞ்சுக்கிட்டு இருக்கும்போது ஒரு அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "தம்பி, 14, 15, 22... இதெல்லாம் ஊமைச் சந்து. அங்க போனா நாங்க ஹெட்செட்டக் கழட்டிட்டு எழுதிவெச்சுக்குவோம்" என்றார். எங்கள் கருவி ரெண்டு நாள் அளந்து கண்டுபிடிச்சதும் அதே மூணு சந்துதான்.

கூரையில் இருந்ததையெல்லாம் இறக்கி, சந்தின் முனையில், சந்துக்குள்ளே நேராப் பார்க்கிற திசை ஆன்டெனா மாட்டினோம். குரலை 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாத்தினோம். செலவு யார் தலையில் விழுந்துச்சுன்னு கேக்காதீங்க.

லோயாங்வாசி

5 கிகாஹெர்ட்ஸ் என்றதும் ஞாபகம் வருது. சாங்கி விமான நிலையப் பக்கம் இருப்பவர்கள் ரேடாரை மறக்காதீங்க. 52 முதல் 64, 100 முதல் 144 வரை உள்ள சேனல்களில் ரேடார் சத்தம் கேட்டால் ஏபி இடத்தைக் காலி பண்ணணும், அது விதி. அடுத்துப் போகும் சேனலும் அதே வகையாக இருந்தால் ஒரு நிமிஷமாவது சும்மா காது கொடுத்துக் கேட்ட பிறகுதான் பேசலாம். எங்கள் மேல்மாடியில் மட்டும் அழைப்புகள் அறுந்துகொண்டே இருந்தன. பேன்ட்ரி மைக்ரோவேவ் மேல் பழி போட்டு, பாவம், அதைத் தூக்கி வேறு மாடியில் வைத்தோம். பிறகுதான் யாரோ பதிவேட்டைத் திறந்து பார்த்தார்கள். வரிசையாக 'ரேடார், ரேடார்'. குரலை 36 முதல் 48, 149 முதல் 161 என்று ஒதுக்கியதும் நின்றது. மைக்ரோவேவ் இன்னும் திரும்பி வரவில்லை.

பழைய பிஏபிஎக்ஸ்

நான் செம்புக் கம்பிக் காலத்து ஆள். வைஃபை பற்றித் தம்பிமார் சொல்லட்டும். நான் 9 என்ற ஓர் எண்ணைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வெளியே அழைக்க முதலில் 9 அழுத்துவது இங்கே பல அலுவலகங்களில் ஊறிப்போன பழக்கம். பழைய பிஏபிஎக்ஸ் பெட்டியை (அலுவலகத்துக்குள் இருக்கும் தொலைபேசி இணைப்பகம்) எடுத்துவிட்டு ஐபி போன் (கணினி நெட்வொர்க் வழியே பேசும் போன்) வைத்தபோது அந்த 9-ஐ அப்படியே எடுத்துக்கொண்டு போனோம். ஒருநாள் மதியம் கணக்குப் பிரிவில் ஒருவர் மயங்கி விழுந்தார். பக்கத்தில் இருந்த பெண் பதற்றத்தில் ஆம்புலன்ஸுக்கு நேராக 995 அழுத்தினார். போன் ஊமை மாதிரி நின்றது.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் கருவிக்கு 9 என்றால் வெளி லைன். மிச்சம் 95. நம் ஊரில் 95 என்று தொடங்கும் கைப்பேசி எண்கள் இருக்கின்றன. ஆகவே அது மீதி ஆறு இலக்கத்துக்காக மரியாதையாகக் காத்துக்கொண்டிருந்தது. 15 விநாடி. வேறொருவர் தன் கைப்பேசியில் அழைத்துவிட்டார், மயங்கியவர் பிழைத்தார். நான் அன்று இரவு தூங்கவில்லை.

மறுநாள் 995-ஐயும் போலீஸின் 999-ஐயும் காத்திருக்காமல் உடனே அனுப்பு என்று எழுதினேன். சரியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். உடன் வேலை செய்த சீனத் தோழர் காகிதத்தில் 9995 என்று எழுதி என் முன்னால் வைத்தார். பழக்கதோஷத்தில் 9 போட்டு 995 அழுத்துபவரின் முதல் மூன்று இலக்கம் என்ன? 999. ஆம்புலன்ஸ் கேட்டவர் போலீஸிடம் பேசிக்கொண்டிருப்பார்! கடைசியில் வெளி லைன் எண்ணையே 0 ஆக்கினோம். ஒவ்வொரு போனிலும் ஸ்டிக்கர். ஆறு மாதம் எல்லாரும் என்னைத் திட்டினார்கள், திட்டட்டும்.

இன்னொன்று. உட்லண்ட்ஸ் கிளையின் வெளி அழைப்பெல்லாம் தலைமையகத்து லைன் வழியாகத்தான் போனது. அங்கிருந்து 995 அழைத்தால் எதிர்முனையில் தெரிவது தலைமையகம் இருக்கும் ராஃபிள்ஸ் பிளேஸ் எண். கிளைக்கென்று இரண்டு உள்ளூர் லைன் தனியாக வாங்கிக் கொடுத்தோம்.

மின்சாரத்தையும் பாருங்கள். செம்புக் கம்பிப் போன் கரண்ட் போனாலும் பேசும். ஐபி போனும் ஏபியும் நெட்வொர்க் சுவிட்ச் (கருவிகளை இணைக்கும் பெட்டி) கேபிள் வழியே கொடுக்கும் மின்சாரத்தைக் குடித்து வாழ்பவை. மாடிக்கு மாடி இருக்கும் சுவிட்ச் அறையில் பேட்டரி இல்லையென்றால் கட்டடமே வாயடைத்துவிடும். அந்தச் சுவிட்ச் 2003-ஆம் ஆண்டுத் தரத்தில் 15.4 வாட்தான் தரும் என்றால், 30 வாட் கேட்கும் புது ஏபி எரியத்தான் எரியும், ஆனால் அரை உயிரோடு. சில மாடல்கள் ஒரு ரேடியோவையே அணைத்துவிடும். விளக்கு பச்சையாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது.

ஹெல்ப்டெஸ்க் அக்கா

ஐயா சொன்ன 9995 கதையை எங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன்.

சொந்தக் கருவிகள் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. அந்தப் பாவமூட்டை எங்கள் தலையில்தானே. ஊழியர்கள் தங்கள் கைப்பேசியின் மேக் முகவரியை (கருவிக்கென்று உள்ள அடையாள எண்) பதிவு செய்தால் வைஃபை கிடைக்கும் என்று வைத்திருந்தோம். 2020 செப்டம்பர் கடைசியில், கொவிட் கட்டுப்பாடு தளர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆட்கள் அலுவலகம் திரும்பினார்கள். அந்த மாதம்தான் ஐபோனுக்கான ஐஓஎஸ் 14 மென்பொருள் வந்திருந்தது. ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு போலி மேக் முகவரியைக் காட்டுவது அதில் இயல்பாகவே இயங்கும். வந்தவர்களில் ஐபோன் வைத்திருந்த அத்தனை பேரும் எங்கள் பட்டியலில் அந்நியர்கள். ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு வந்த மனுஷரிடம் "சார், உங்க போன் உங்க போன் இல்லையாம்" என்று எப்படிச் சொல்வது? அந்த வாரம் நான் சாப்பிட்டது எல்லாம் தே ஓவும் (பாலில்லாத தேநீர்) பிஸ்கட்டும். அதன்பிறகு மேக் பட்டியலைத் தூக்கி எறிந்துவிட்டு, கருவிக்கொரு டிஜிட்டல் சான்றிதழ் என்று மாறினோம்.

ஐபி முகவரித் தட்டுப்பாடும் உண்டு (சேரும் ஒவ்வொரு கருவிக்கும் நெட்வொர்க் கொடுக்கும் எண் அது). 254 முகவரி உள்ள தொகுப்பு, 150 பேர், தாராளம் என்றுதான் கணக்குப் போட்டோம். ஆளுக்கு ஒரு போன், ஒரு கைக்கடிகாரம், சிலருக்கு ஐபேட். பயிற்சி அறைக்கு வந்து போனவர்கள் பிடித்த முகவரியையும் சர்வர் எட்டு நாள் பத்திரமாக வைத்திருந்தது, மாற்றாவிட்டால் அதன் வழக்கம் அதுதான். விருந்தினருக்கு நான்கு மணி நேரம் என்று குறைத்து, தொகுப்பை 1,022 ஆக்கினோம். இது சின்ன விஷயம்.

பெரிய விஷயம் இது. வேலையை விட்டுப் போனவரின் கைப்பேசியிலிருந்து நிறுவன மின்னஞ்சலை அகற்றச் சொன்னார்கள். கருவிகளை நிர்வகிக்கும் மென்பொருளில் இரண்டு பொத்தான் உண்டு. ஒன்று நிறுவனத் தரவை மட்டும் அழிக்கும், மற்றது கருவியையே துடைத்துவிடும். பையன் புதியவன், இரண்டாவதை அழுத்திவிட்டான். அவர் குழந்தை பிறந்த நாளிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. வேறெங்கும் சேமித்து வைக்கவில்லை. என்னிடம் அவர் கத்தவில்லை. "அக்கா, ஏதாவது வழி இருக்கா பாருங்க" என்று மூன்று முறை கேட்டார். இல்லை.

இப்போது ஆண்ட்ராய்டில் வேலைக்கென்று தனிப் பகுதி, ஐபோனில் பயனர் பதிவு முறை. சொந்தக் கருவியை முழுதாகத் துடைக்கும் அதிகாரமே எங்களிடம் கிடையாது, நாங்களே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தோம். சேரும்போது கையெழுத்து வாங்கும் தாளில் நிறுவனம் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தமிழ், சீனம், மலாய், ஆங்கிலம் நான்கிலும் எழுதியிருக்கிறோம். அதைப் படித்துவிட்டு "அப்போ எனக்கு வேண்டாம்" என்று போனவர்களும் உண்டு. அதுவும் சரிதான்.

ஷென்டன்வே

எல்லாருக்கும் நன்றி. புதுக் கட்டடத்துத் திட்டத்தில் லிஃப்ட் முகப்பு, படிக்கட்டு, தண்ணீர் இயந்திரம் இருக்கும் மூலை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். மேசை நாற்காலி வந்த பிறகு இரண்டாவது அளவெடுப்பு, அதற்கும் பணம் கேட்டிருக்கிறேன்.

பிஏபிஎக்ஸ் ஐயா, 9 பற்றி இன்று கூட்டத்தில் சொன்னேன். "மேசைப் போனே இல்லாத அலுவலகத்தில் 9 எதற்கு?" என்று மேலாளர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எண்ணத் தொடங்கினோம்: வரவேற்பு மேசை, காவலர் மேசை, சரக்கு இறக்கும் வாசல், ஆறு லிஃப்ட்டுகளுக்குள் இருக்கும் அவசரப் போன். அந்த லிஃப்ட் போன்கள் இப்போது எந்த லைனில் ஓடுகின்றன என்று அந்த அறையில் இருந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. நாளை காலை போய் ஒவ்வொன்றிலும் ஏறிப் பொத்தானை அழுத்தி, யார் பேசுகிறார்கள் என்று பார்க்கப் போகிறேன்.