படத்தைப் பார்த்தே கள்ள அட்டையைப் பிடிக்கலாமா?

கனகராயன்குளம்:
கனடாவில் இருக்கும் மச்சான் ஓர் இணைய ஏலத்தைக் காட்டினார். கூடைப்பந்து வீரர் மைக்கல் ஜோர்டனின் படம் போட்டு ஃப்ளீர் நிறுவனம் 1986இல் வெளியிட்ட சேகரிப்பு அட்டை, 57ஆம் இலக்கம். எந்த நிறுவனமும் சோதித்து உறையில் அடைக்காத வெறும் அட்டை, 300 டொலரில் நிற்கிறது. நாளை இரவு முடிகிறது. ஏலம் கேட்கட்டுமா?

முத்தையன்கட்டு:
அவசரப்படாதீர்கள் தம்பி. கள்ள அச்சு மிக அதிகம் வந்த அட்டைகளில் அதுவும் ஒன்று. இவ்வளவு குறைந்த விலையே சந்தேகம் தருகிறது. ஆனால் படத்தை வைத்தே பிடிக்கலாம். எழுத்துப் பகுதியைக் கிட்ட வைத்து எடுத்த படம் கேளுங்கள். அசலில் வீரரின் படம் சிறு புள்ளிகளால் ஆனது. கறுப்பு எழுத்தோ ஒரே மையாக, ஓரம் கூராக இருக்கும். ஸ்கேன் செய்து திரும்ப அச்சடித்தால் எழுத்துக்குள்ளும் புள்ளி ஏறிவிடும். அப்புறம், இன்றைய திகதி எழுதிய துண்டைப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். வேறு ஏலத்தில் இருந்து படத்தைத் திருடிப் போடுபவரால் அது முடியாது.

ஓமந்தை:
அண்ணை, அந்தப் புள்ளி தெரியும் அளவுக்கு எத்தனை பேர் படம் எடுத்து அனுப்புகிறார்கள்? போன வருடம் நான் ஒரு கிரிக்கெட் அட்டை எடுத்தேன். படத்தில் ஒரு பிழையும் தெரியவில்லை. கைக்கு வந்ததும் அதே தொகுப்பின் மலிவான அட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். தடிப்புக் குறைவு. விளக்குக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவியது. நகை வேலை செய்யும் பத்தரிடம் பூதக்கண்ணாடி வாங்கிப் பார்த்தேன், பெயர் முழுக்கப் புள்ளி. திருப்பி அனுப்பும் தபால் செலவு அட்டையின் விலையைத் தாண்டியது. அந்தக் காசு போனது போனதுதான். வன்னியில் இருந்து வாங்குபவர் பிஎஸ்ஏ போன்ற நிறுவனம் சோதித்து, உறையில் அடைத்து, இலக்கம் போட்டதை மட்டும் வாங்க வேண்டும்.

முத்தையன்கட்டு:
உறையும் கள்ளமாக வருகிறதே! உண்மையான அட்டையின் சான்று இலக்கத்தையே பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். நிறுவனத்தின் தளத்தில் தட்டினால் இலக்கம் சரியென்றுதான் வரும். அங்கேயும் படம்தான் காப்பாற்றும். அந்த இலக்கத்துக்கு நிறுவனம் படம் போட்டிருந்தால், ஓரங்களின் அகலத்தையும் மூலைத் தேய்வையும் ஏலப் படத்தோடு ஒப்பிடுங்கள்.

ஓமந்தை:
உறையும் பொய்யாகும், சரி. ஆனால் தம்பி கேட்பது வெறும் அட்டை. அதற்கு ஒப்பிட எந்தப் படம் இருக்கிறது?

வவுனிக்குளம்:
மிகப் பழைய அட்டை தேடுவோர் ஊதாக்கதிர் விளக்கையும் வைத்திருங்கள். கடதாசியில் வெண்மை கூட்டும் இரசாயனம் சேர்ப்பது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. 1909க்கும் 1911க்கும் இடையில் வந்த டி206 என்ற அமெரிக்க பேஸ்போல் தொகுப்பின் அட்டை அந்த வெளிச்சத்தில் நீலமாக ஒளிர்ந்தால் நம்ப வேண்டாம். 1986 அட்டைக்கு இந்தச் சோதனை உதவாது.

கனகராயன்குளம்:
திகதித் துண்டோடு படம் கேட்டேன். பழைய படத்தையே திரும்ப அனுப்பினார். நான் ஏலம் கேட்கவில்லை. ஓமந்தை அண்ணா, உங்கள் கள்ள அட்டையைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்து ஒரு படம் எடுத்துப் போடுவீர்களா?

ஓமந்தை:
சனிக்கிழமை பத்தரிடம் போகிறேன். அதே தொகுப்பின் அசலையும் பக்கத்தில் வைத்து எடுக்கிறேன்.