செவலையும் கத்திரிப் பாத்தியும்

அம்மா: நம் நாய்க்குட்டி செவலை இன்றைக்கும் கத்திரிப் பாத்தியைத் தோண்டிப் போட்டுவிட்டது. நேற்று நட்ட நாற்றெல்லாம் வேரோடு வெளியே கிடக்கிறது. குட்டியை அடிக்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யலாம், யாராவது சொல்லுங்கள்.

சித்தி: அக்கா, பாத்தியைச் சுற்றி மிளகாய்ப் பொடி தூவிவிடு. எங்கள் தெருவில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பெரிய மாமா: அது வேண்டவே வேண்டாம். குட்டி எப்போதும் மூக்கை மண்ணில் வைத்துக்கொண்டே திரியும். கண்ணில் பட்டால் துடித்துப்போகும். காலில் ஒட்டியதையும் நக்கும்.

சித்தி: சரி அண்ணே, நான் யோசிக்கவில்லை.

நான்: அம்மா, எப்போது தோண்டுகிறது? எல்லா இடத்திலுமா?

அம்மா: மதியம் நாங்கள் கண் அசரும் நேரத்தில். கத்திரி, தக்காளி இரண்டு பாத்தியும்தான். முருங்கைப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

பெரிய மாமா: வெயிலுக்கு ஈர மண்ணில் குழி பறித்துப் படுப்பது நாய்க்கு வழக்கம்தான். ஆனால் அந்த இரண்டு பாத்தி மட்டும் என்றால் வேறு காரணம் இருக்கும். மாப்பிள்ளை, அங்கே என்ன உரம் போட்டீர்கள்?

அப்பா: எலும்புத் தூளும் மீன் அமிலமும்.

பெரிய மாமா: அதுதான். அந்த வாசனைக்குத்தான் தோண்டுகிறது. செவலை மேல் தப்பே இல்லை.

அப்பா: அப்படியானால் அதை நிறுத்திவிட்டு ஆமணக்குப் புண்ணாக்கு வைக்கிறேன். ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.

பெரிய மாமா: ஐயோ மாப்பிள்ளை, அதை மட்டும் வைக்காதீர்கள்! ஆமணக்கு விதையில் ரிசின் என்று ஒரு நஞ்சு இருக்கிறது. எண்ணெய் பிழிந்தாலும் அது எண்ணெயோடு போகாது, புண்ணாக்கிலேயே தங்கிவிடும். நன்றாகச் சூடுபடுத்தி நஞ்சு நீக்காத புண்ணாக்கைத் தின்றால் வாந்தி, இரத்தக் கழிச்சல் என்று போய் உயிருக்கே ஆபத்து. தின்றவுடன் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான் தெரியும். மாற்று மருந்தும் கிடையாது. நாய்கள் அதை விரும்பித் தின்னும் என்பதுதான் கொடுமை.

நான்: அப்பா, அந்த மூட்டை இப்போது எங்கே?

அப்பா: மோட்டார் அறையில். பிரிக்கவில்லை. இதோ பரணில் ஏற்றிவிடுகிறேன். சாயங்காலம் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

அம்மா: கேட்கவே பயமாக இருக்கிறது. அப்போ நாற்றுக்கு என்ன போடுவது அண்ணே?

பெரிய மாமா: நன்றாக மக்கிய சாணமும் மண்புழு உரமும் போதும். அப்புறம் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலை அடித்துவிடுங்கள். நாட்டுக் குட்டி வளர்ந்தால் நன்றாகத் தாவும், அதனால் 4 அடி உயரம் வேண்டும். அடி ஓரத்தை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் பறித்து நுழைந்துவிடும்.

தம்பி: வேலி மட்டும் போட்டால் வேறு இடத்தில் தோண்டும் அம்மா. கொய்யா மர நிழலில் கொஞ்சம் மணல் கொட்டி, அதில் பந்தைப் புதைத்து வை. தோண்டி எடுத்தால் தட்டிக் கொடு. அதற்கும் ஓர் இடம் வேண்டும் இல்லையா?

அம்மா: அது நல்ல யோசனை. நேற்று அப்பா சத்தம் போட்டதும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது, பாவம்.

பெரிய மாமா: தோண்டி முடித்த பிறகு திட்டினால் எதற்கென்று அதற்குப் புரியாது. தோண்டும்போதே கூப்பிட்டு மணலுக்குக் கொண்டுபோ.

சித்தி: அக்கா, வாசலில் அரளி நிற்கிறதே? அதுவும் விஷம்தானே?

பெரிய மாமா: நல்ல வேளை சொன்னாய். இலை, பூ, பட்டை எல்லாமே விஷம், இதயத்தைத் தாக்கும். குட்டி எதையும் கடிக்கிற வயசு. அரளியைச் சுற்றியும் வலை அடியுங்கள்.

அப்பா: சரி, கடைக்குக் கிளம்புகிறேன். எத்தனை அடி வலை வேண்டும்?

அம்மா: பாத்திக்கு 40 அடி, அரளிக்கு 10. ஒரு சின்னக் கதவுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள், நான் தண்ணீர் விட உள்ளே போக வேண்டும்.