படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு வீட்டிலேயே தடுப்பூசி போட வழி உண்டா? (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரம்)

கேள்வி: லயத்து வீட்டு மகன்

அனைவருக்கும் வணக்கம். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் உள்ளே, செம்பனைத் தோட்டத்துப் பழைய லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீடு) நாங்கள் குடியிருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து சாய்வு நாற்காலிக்கு மாற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டும்.

சென்ற மாதம் பள்ளியிலிருந்து பேரன் காய்ச்சலோடு வந்தான். அவனுக்கு இரண்டே நாளில் சரியாகிவிட்டது, ஆனால் அம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டி ஆறு நாள் வார்டில் இருக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், இன்ஃப்ளுவென்சா தடுப்பூசியும், நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகோக்கல் தடுப்பூசியும் போட்டுவிடுமாறு சொன்னார். நான் அரசு கிளினிக்குக்குத் தொலைபேசியில் அழைத்து, "அம்மாவுக்கு ஊசி போட வேண்டும், வீட்டுக்கு வருவீர்களா?" என்று கேட்டபோது, ஆளை அழைத்து வரும்படி சொல்லி வைத்துவிட்டார்கள்.

அழைத்துப் போவது என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். வாசலில் மூன்று சிமெண்டுப் படிகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டுத் தம்பிகள் நால்வர் போர்வையோடு சேர்த்துத் தூக்கிக் காரில் சாய்க்க வேண்டும். அதன்பின் பட்டணத்துச் சாலை வரும்வரை செம்மண் பாதையில் குலுங்கிக்கொண்டே போக வேண்டும். ஒருமுறை அப்படிப் போய்வந்ததில் இடுப்புக்குக் கீழே தோல் உரிந்து, அது ஆறுவதற்கு ஏழு வாரம் ஆயிற்று.

ஈப்போவில் இருக்கும் அண்ணன், தெரிந்த இடத்தில் ஊசி மருந்தை வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதாகவும், தெரிந்த ஒருவரை வைத்துப் போட்டுவிடலாம் என்றும் சொல்கிறார். இது சரியா? 2021இல் கோவிட் தடுப்பூசிக் குழு எங்கள் லயத்துக்கே வந்து, படுக்கையில் இருந்த பெரியப்பாவுக்குப் போட்டுவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். அன்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை?

பதில்: ஓய்வுபெற்ற டிரஸர் (தோட்ட மருத்துவ உதவியாளர்)

தம்பி, முதலில் அண்ணனின் ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவசரமாகத் தடுக்க வேண்டியது அதுதான். இந்தத் தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருக்க வேண்டும். வெயிலில் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும்; ஆனால் உறைந்தாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. மீன் வாங்கி வருவது போல ஐஸ் கட்டிமேல் நேரடியாக வைத்தால், ஐஸைத் தொட்டுக்கொண்டிருக்கும் பக்கம் உறைந்துபோகும். உருகியபின் பார்த்தால் சாதாரண மருந்து போலவே தெரியலாம், நீங்களும் போட்டுவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் வேலை பார்த்த காலத்தில், குளிர்பெட்டியில் ஐஸ் பைகளுக்கும் மருந்துக்கும் நடுவில் தடுப்பு வைத்து, உள்ளே வெப்பமானி ஒன்றைக் கிடத்தி, திறக்கும் ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்துக்கொள்வோம்.

இன்னொன்றும் உண்டு. ஊசி போட வருபவரின் பையில், ஒவ்வாமை வந்தால் உடனே போட அட்ரினலின் மருந்து இருக்க வேண்டும். கடுமையான ஒவ்வாமை மிக அரிது, ஆனால் வந்தால் சில நிமிடங்களில் வரும். 14 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேராது. மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு வருபவர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் வேண்டாம்.

பதில்: தாப்பா மகள்

அண்ணா, என் அப்பாவுக்கும் இதே அலைச்சல் நடந்தது. நீங்கள் கேட்ட கேள்வியில்தான் சிக்கல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தொலைபேசியில் "ஊசி" என்று சொன்னவுடன், முன்பதிவு பார்ப்பவர் வழக்கமான பதிலைத்தான் சொல்வார். 2021இல் வந்தது கோவிட்டுக்கென்றே அமைத்த நடமாடும் குழு. இப்போது அப்படி ஊசிக்கென்று தனிக் குழு தேடினால் கிடைப்பது கடினம். ஆனால் படுக்கையில் இருக்கும் நோயாளிகளை வீட்டில் சென்று பார்க்கும் டோமிசிலியாரி சேவை 2014 முதல் அரசு சுகாதாரக் கிளினிக்குகள் வழியாக நடந்துவருகிறது. புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மூக்குக் குழாயும் சிறுநீர்க் குழாயும் மாற்றுவது, பயிற்சி கற்றுக்கொடுப்பது ஆகியவை அவர்களுடைய வேலை. ஆகவே ஊசியைக் கேட்காதீர்கள். அம்மாவைத் தெர்லந்தார் (மலாயில் படுத்த படுக்கை) நோயாளியாக அந்தச் சேவையில் பதிவு செய்யக் கேளுங்கள். பதிவானபின் ஊசியை அந்த வருகையோடு சேர்த்துக் கேட்பது எளிது.

நேரில் போங்கள், அம்மாவை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போங்கள். மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், அம்மாவின் ஐசி (அடையாள அட்டை), இப்போது உட்கொள்ளும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனையின் பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகி ஒரு மாதம்தான் என்பதால் அதே வார்டில் கேட்டு வாங்கலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்பதையும், வீடு அந்தக் கிளினிக்கின் எல்லைக்குள் வருகிறதா என்பதையும் பார்ப்பார்கள். எங்களைத் திருப்பி அனுப்பியதே எல்லைப் பிரச்சினையால்தான், நாங்கள் தவறான கிளினிக்கின் வாசலில் இரண்டு வாரம் நின்றிருக்கிறோம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. அண்ணனிடம் சொல்லி ஐஸ் பெட்டித் திட்டத்தை நிறுத்திவிட்டேன். இரண்டு விஷயங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். அம்மா இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார், ஊசி குத்தினால் இரத்தம் நிற்காதோ என்று என் மனைவி பயப்படுகிறார். மேலும் அம்மா சுத்த சைவம். இந்த மருந்தை முட்டையில் தயாரிக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டதால், "எனக்கு எதுக்குடா இது" என்று இடக்கையால் என் கையைத் தள்ளிவிடுகிறார்.

பதில்: ஓய்வுபெற்ற மிசி (தாதி)

வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு இந்த ஊசியைப் போடக்கூடாது என்று இல்லை. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு, கடைசியாகப் பார்த்தபோது மருத்துவர் சொன்ன வரம்புக்குள் நிலையாக இருக்க வேண்டும், ஆகையால் அதைக் குறித்து வைக்கும் வார்ஃபரின் புத்தகத்தை மேசைமேல் எடுத்து வையுங்கள். மெல்லிய ஊசியைப் பயன்படுத்தி, எடுத்த பிறகு குறைந்தது இரண்டு நிமிடம் பஞ்சால் அழுத்திப் பிடிக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, தேய்ப்பதால்தான் உள்ளே இரத்தம் கட்டி நீலம் பாய்கிறது. தோளில் சதை வற்றிப்போயிருந்தால் தொடையின் வெளிப்புறத் தசையில் போடலாம், அதை வருகிற மிசி பார்த்து முடிவு செய்வார்.

ஒரு கேள்வி: ஐஎன்ஆர் பார்க்க இப்போது அம்மாவை எப்படி அழைத்துப் போகிறீர்கள்? எப்படியும் தூக்கிக்கொண்டு போகும் ஒரு நாள் இருக்கிறது என்றால், வீட்டு வருகை தாமதமாகும் பட்சத்தில் அன்றைக்கே ஊசியையும் முடித்துக்கொள்ளலாம். இரண்டு ஊசிகளையும் ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் போடலாம், தனித்தனியாக அலைய வேண்டியதில்லை. காய்ச்சல் கடுமையாக இருக்கும் நாளில் மட்டும் தள்ளிப்போடுங்கள்.

குளிர்காலம் வரட்டும் என்று காத்திருப்பதும் நம் நாட்டுக்குப் பொருந்தாது, இங்கே இன்ஃப்ளுவென்சா ஆண்டு முழுவதும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஊசியை ஆண்டுக்கு ஒருமுறை போட வேண்டும். பாதுகாப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். நிமோகோக்கல் ஆண்டுதோறும் போடுவதன்று. இடையில் நீங்கள், உங்கள் மனைவி, பேரன் மூவரும் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா வெளியே போவதில்லை, நோய்தான் உங்கள் செருப்போடு உள்ளே வருகிறது.

முட்டை விஷயத்தில் பொய் சொல்லாதீர்கள். பெரும்பாலான இன்ஃப்ளுவென்சா தடுப்பு மருந்துகளுக்கு வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்கிறார்கள் என்பது உண்மைதான். அதைச் சொல்லிவிட்டு, வார்டில் பட்டதையும் நினைவுபடுத்துங்கள், முடிவை அவரிடம் விடுங்கள். உடல்தான் விழுந்திருக்கிறது, அவருடைய சம்மதம் இன்னும் அவருடையதுதான்.

கேள்வி கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

நடந்ததை எழுதிவிடுகிறேன், அடுத்தவருக்கு உதவும். கிளினிக்குக்கு நேரில் போய்த் தெர்லந்தார் என்று சொன்னபோது வேறு ஓர் அறைக்கு அனுப்பினார்கள். பரிந்துரைக் கடிதத்துக்கு இரண்டு முறை ஈப்போ போக வேண்டியிருந்தது. ஐஎன்ஆர் இரத்தப் பரிசோதனை மட்டும் இன்னும் மருத்துவமனையில்தான், அதற்கு எட்டு வாரத்துக்கு ஒருமுறை அம்மாவைத் தூக்கத்தான் வேண்டியிருக்கிறது.

சென்ற புதன்கிழமை இரண்டு மிசிகள் வந்தார்கள். வழிகாட்ட நான் மோட்டார் சைக்கிளில் சாலை முனையில் போய் நின்றேன், ஏனென்றால் லயத்துக்குள் கூகுள் வரைபடம் வேலை செய்யாது. முன்கூட்டியே நாயைக் கட்டிவைத்து, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, ரவிக்கைக்குப் பதிலாகத் தளர்ந்த கை வைத்த சட்டையைப் போட்டுவிட்டிருந்தோம். அவர்களில் மூத்தவர் முதலில் வார்ஃபரின் புத்தகத்தைத்தான் கேட்டார். அம்மாவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "போடட்டுமா அம்மா?" என்று தமிழிலேயே கேட்டார். அம்மா என்னைப் பார்த்தார், பிறகு தாமே இடக்கையை நீட்டினார். அன்று இன்ஃப்ளுவென்சா ஊசி மட்டும் போட்டார்கள். நிமோகோக்கலுக்கு மருத்துவர் எழுத வேண்டும் என்றார்கள்.

என் மனைவி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடித்தார், மூன்றாகவும் இருக்கலாம். 15 நிமிடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இரவில் அம்மா கை கொஞ்சம் வலிப்பதாகச் சைகை காட்டினார், மறுநாள் அதுவும் இல்லை. நிமோகோக்கல் பற்றிக் கேட்க அடுத்த திங்கட்கிழமை மருத்துவரைப் பார்க்கப் போகிறேன்.