‘டபிள்யூ’ அழுத்துவதற்கு முன்னால்

வணக்கம். என் மியூசிக் பிளேயர் லினக்ஸில் ஓடும் ஒரு சின்னப் பெட்டி. எம்பிடி என்ற மென்பொருள்தான் அதில் பாட்டை ஓட்டுகிறது. 1 டெராபைட் டிஸ்க் நிறைந்துவிட்டதால், போன மாதம் 4 டெராபைட்டில் இன்னொன்றைச் சேர்த்தேன். லினக்ஸ் டிஸ்க்குகளுக்கு வைக்கும் பெயரில் பழையது எஸ்டிஏ, அதனால் புதியது எஸ்டிபியாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன்.

டிஸ்க்கைப் பகுதிகளாக (பார்ட்டிஷன்) பிரிக்கும் எஃப்டிஸ்க் கருவியில் எஸ்டிபியைத் திறந்து, ‘ஜி’ அழுத்தி, அந்தப் பகுதிகளைக் குறித்து வைக்கும் புது ஜிபிடி அட்டவணை போட்டேன். பழைய எம்பிஆர் முறை சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் செல்லாது, அதனால் ஜிபிடி. பார்ட்டிஷனும் உருவாக்கியாயிற்று. அப்போதுதான் திரையில் இருந்த அளவு கண்ணில் பட்டது: 931.5 ஜிஐபி. 1 டெராபைட்டை எஃப்டிஸ்க் அப்படித்தான் காட்டும். அது என் பழைய டிஸ்க்! சிடிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, பெயர் திருத்தி, அட்டைப்படம் சேர்த்து வைத்த பத்து வருட உழைப்பு அதில் இருக்கிறது. கை நடுங்கிவிட்டது.

நல்லவேளை, ‘டபிள்யூ’ அழுத்தும் வரை எஃப்டிஸ்க் டிஸ்க்கில் எதையும் எழுதாது. ‘க்யூ’ அழுத்தி வெளியே வந்தேன். பாடல்கள் அப்படியே இருந்தன.

எஸ்டிஏ, எஸ்டிபி எல்லாம் நிலையான பெயர்கள் இல்லை. பூட் ஆகும்போது எந்த டிஸ்க் முதலில் தென்படுகிறதோ அதைப் பொறுத்து மாறும். அப்புறம் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையில் அளவையும் சீரியல் எண்ணையும் எடுத்து, டிஸ்க்கின் மேல் ஒட்டியிருந்த லேபிளோடு சரிபார்த்த பிறகுதான் கை வைத்தேன். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பிலும் இப்போது அந்தப் பெயர்களுக்குப் பதிலாக யூயுஐடி என்ற மாறாத அடையாள எண்தான்.

*

படிக்கும்போதே பதறிவிட்டது. எனக்குப் பார்ட்டிஷன் ஒழுங்காக அமைந்தது, தொல்லை அதற்குப் பிறகு. ஒருநாள் கேபிள் தளர்ந்து இரண்டாவது டிஸ்க் தெரியாமல் போக, பிளேயர் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் நின்றுவிட்டது. திரை இல்லாத பெட்டி, என்ன நடந்தது என்று புரியவே ஒரு மாலை போயிற்று. எஃப்எஸ்டேப் வரியில் ‘நோஃபெயில்’ சேர்த்த பிறகு டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் ஆகிவிடுகிறது.

அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். டிஸ்க் மவுண்ட் ஆகாத (இணையாத) நேரத்தில் எம்பிடியில் பாடல் பட்டியலைப் புதுப்பிக்கும் அப்டேட் ஓடினால், காலியான ஃபோல்டரைப் பார்த்து அந்தப் பாடல்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. மவுண்ட் செய்து மறுபடி அப்டேட் கொடுத்தால் திரும்பி வரும். எனக்கு வந்தது, ஆனால் அந்தப் பத்து நிமிடம் உயிர் போய் வந்தது.

*

4 டெராபைட் நண்பருக்கு: இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்திருந்தால், 5 சதவீத இடம் ரூட் (நிர்வாகி) பயனருக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும். உங்கள் டிஸ்க்கில் அது கிட்டத்தட்ட 200 ஜிபி. சிஸ்டம் இருக்கும் டிஸ்க்குக்கு அது தேவை, பாட்டு மட்டும் வைக்கும் டிஸ்க்குக்கு வேண்டியதில்லை. டியூன்2எஃப்எஸ் கட்டளையில் ‘-எம் 0’ கொடுத்தால் அந்த இடம் கிடைத்துவிடும், உள்ளே இருப்பது எதுவும் அழியாது. நான் பாடல்களை ஏற்றிய பிறகுதான் செய்தேன்.