மதுரையைச் சுற்றி மண் பாதைகளில் கிராவல் சைக்கிள்: எந்தப் பக்கம் செல்லலாம்?

புதூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல ஆண்டுகளாக நான்குவழிச் சாலையில் ரோடு சைக்கிள் ஓட்டி வந்த நான், சென்ற மாதம் 40 மி.மீ. டயர் பொருத்திய கிராவல் சைக்கிள் (மண், சரளைப் பாதைக்கும் ஏற்ற அகலமான டயர் கொண்டது) ஒன்றை வாங்கியிருக்கிறேன். லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓட்டி மனம் சலித்துவிட்டது. மலையடிவாரம், கண்மாய்க் கரை, பழைய ஊர்கள் என்று அமைதியாகச் செல்ல வேண்டும் என்பதே என் விருப்பம். அதிகாலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பும்படி, 50 முதல் 70 கிலோமீட்டருக்குள் அடங்கும் சுற்றுப்பாதைகள் இருந்தால் சொல்லுங்கள். பார்ப்பதற்கு வரலாற்றுச் சின்னம் ஏதாவது வழியில் இருந்தால் இன்னும் மகிழ்ச்சி.

மேகமலைக் காட்டுப் பாதைகளில் ஓட்டலாமா என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவது, பஞ்சர். இதுவரை இரண்டு முறைதான் மண் பாதையில் சென்றிருக்கிறேன். அதற்குள் மூன்று பஞ்சர், மூன்றும் முள்ளால் ஆனவை. டியூப் போட்ட டயர்தான். என்ன செய்யலாம்?

மேலூர்க்காரன்

கிழக்கே வாருங்கள். எங்கள் பக்கம் செம்மண்ணும் பாறையும் கலந்த நிலம் என்பதால், மழை பெய்த மறுநாளே பல வண்டிப்பாதைகள் ஓட்டுவதற்குத் தகுதியாகிவிடும். கிராவல் சைக்கிள் என்ற பெயர் நமக்குப் புதியதாக இருக்கலாம். கிராவல் அடித்த சாலை நமக்குப் புதியதன்று.

நான் அடிக்கடி செல்லும் சுற்று இது. ஒத்தக்கடையில் பிரிந்து முதலில் ஆனைமலை அடிவாரத்து நரசிங்கம் செல்வேன். அங்குள்ள நரசிங்கப் பெருமாள் குடைவரை (பாறையைக் குடைந்து அமைத்த கோயில்) கி.பி. 770ஆம் ஆண்டு, பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி தொடங்கியது. அவர் இறந்தபின் தம்பி மாறன் எயினன் பணியை முடித்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. மலை முழுவதும் ஒரே கல்லாக, படுத்திருக்கும் யானைபோல் நீண்டு கிடப்பதை விடியற்காலை வெளிச்சத்தில் சைக்கிளிலிருந்து பார்ப்பது தனி அனுபவம். பிறகு நெடுஞ்சாலையைக் கூடியவரை தவிர்த்து, ஊருக்குள் புகுந்து அரிட்டாபட்டியை அடையலாம்.

அரிட்டாபட்டியில் அவசரப்படாதீர்கள். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய இரண்டு ஊர்களிலும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம், 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. கழிஞ்சமலையில் சமணர் படுக்கையும் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டும் உள்ளன. சற்றுத் தள்ளி பாண்டியர் காலச் சிவன் குடைவரை இருக்கிறது. சிவனின் ஒரு வடிவமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பத்தை அங்கே பார்க்கலாம். தமிழகத்தில் அது அரிது. பாறைகளின் உச்சியில் லகுடு வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் அடைவதால், ஒலிபெருக்கியில் பாட்டு வைத்துக்கொண்டு செல்வதை மட்டும் செய்யாதீர்கள். டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக இந்த ஊர்களின் மக்கள் திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அந்தச் சுரங்கத்துக்கான ஏலம் ரத்தாவதைக் கண்டவர்கள். மலைப் பக்கம் புதிய ஆள் போனால் யார், எவர் என்று விசாரிப்பார்கள். அவர்கள் காப்பாற்றிய இடம் அது. வண்டியை நிறுத்தி, முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பெரும்பாலும் அவர்களே வழியும் காட்டி, குடிக்கத் தண்ணீரும் தருவார்கள்.

அங்கிருந்து மாங்குளம் பக்கம் சென்றால் மீனாட்சிபுரத்து ஓவாமலை. இராபர்ட் சிவெல் 1882இல் கண்டறிந்த கல்வெட்டுகள் இங்குதான் உள்ளன. கணிநந்தன் என்னும் சமணத் துறவிக்குப் பள்ளி அமைத்த செய்தியோடு நெடுஞ்செழியன் என்ற பெயரும் அவற்றில் வருகிறது. சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்துதான் ஏற வேண்டும். திரும்பும்போது அழகர்மலையை வலப்புறம் பார்த்தபடி அப்பன்திருப்பதி வழியாகப் புதூர் வந்துவிடலாம். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மேலூர் வட்டாரத்தில் கல் வெட்டிய ஆழமான குவாரிப் பள்ளங்கள் பல உண்டு. ஆகவே தெரியாத தடத்தில் இருட்டு நேரத்தில் செல்ல வேண்டாம்.

தேனிச் சாரல்

மேகமலை பற்றி மட்டும் சொல்கிறேன். திருவில்லிபுத்தூர்–மேகமலை வனப்பகுதி 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சின்னமனூரிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளாக ஏறும் தார்ச்சாலை வேறு, காட்டுக்குள் பிரியும் ஜீப் தடங்கள் வேறு. தார்ச்சாலைக்கே வனத்துறைச் சோதனைச் சாவடியில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். ஜீப் தடங்களில் அனுமதியில்லாமல் இறங்கவே கூடாது. யானை நடமாடும் காட்டில், ஓசையே இல்லாமல் வளைவில் திரும்பும் சைக்கிள் மோட்டார் வண்டியைவிட ஆபத்தானது, ஏனெனில் விலங்குக்கும் நமக்கும் விலகிக்கொள்ள நேரமே கிடைப்பதில்லை. மாசி, பங்குனியில் காய்ந்த போதைப்புல் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பதை 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் கண்டோம். 20 பேருக்கும் மேல் உயிரிழந்த அந்த நாளை எங்கள் மாவட்டத்தார் இன்னும் மறக்கவில்லை.

சோழவந்தான் கரை

கிழக்கைச் சொல்லிவிட்டார்கள், நான் மேற்கைச் சொல்கிறேன். பள்ளத்தாக்கு வேண்டுமென்றால் தேனி வரை போக வேண்டியதில்லை. வடக்கே வைகை, தெற்கே நாகமலை, இடையில் நஞ்சை என்று ஒரு நீண்ட பச்சை வயல்வெளி நகரத்தின் வாசலிலேயே தொடங்குகிறது. கொடிமங்கலம், மேலக்கால், தென்கரை, முள்ளிப்பள்ளம், மன்னாடிமங்கலம், குருவித்துறை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். தென்னந்தோப்பு, வாழை, நெல், பிறகு 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் வெற்றிலைக் கொடிக்கால் ஆகியவற்றின் ஓரமாகவே வாய்க்கால் பாதைகள் செல்கின்றன. தென்கரையில் மூலநாதர் கோயிலையும் குருவித்துறையில் சித்திரரத வல்லபப் பெருமாள் கோயிலையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். மேலக்கால் கணவாய் வழியாக நாகமலையைக் கடந்து செக்கானூரணிப் பக்கம் இறங்கினால், கொங்கர்புளியங்குளத்துச் சமணர் படுக்கைகளும், இன்னும் கிழக்கே கீழக்குயில்குடிச் சமணர்மலையும் வீடு திரும்பும் வழியிலேயே அமைந்துவிடும். அந்த மலையின் செட்டிப்புடவு என்னும் குகையில் உள்ள தீர்த்தங்கரர் சிற்பம்வரை ஏறுவதற்குத் தெம்பை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது கண்மாய்க் கரையைப் பற்றி. கரை என்பது சாலைபோல் தோன்றினாலும் அது மண்ணால் கட்டிய அணை. மழையில் ஊறிய கரைமீது சக்கரம் பதிந்தால் அந்தத் தடத்தில் நீர் ஓடி, அடுத்த மழைக்கு அது அரிப்பாக மாறும். ஒரு சைக்கிளால் கரை உடைந்துவிடாது என்பது உண்மைதான். ஆனால் பத்துப் பேர் குழுவாக ஈரத்தில் ஓட்டியபின் கரை எப்படி இருந்தது என்பதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஈரமாக இருந்தால் கரைக்குக் கீழுள்ள பாதையில் செல்லுங்கள். மடை, கலுங்கு (மிகுந்த நீர் வழியும் இடம்) வரும் இடங்களில் இறங்கி உருட்டிச் செல்லுங்கள். அறுவடைக் காலத்தில் சாலையோரம் நெல் காயும். அதன்மேல் சக்கரம் ஏறக் கூடாது.

கரிசல் சக்கரம்

பஞ்சருக்கு என் பதில்: டியூப்லெஸ்ஸுக்கு, அதாவது டியூப் இல்லாத டயருக்கு மாறுங்கள். நம் பக்கத்துப் பஞ்சருக்கு முதல் காரணம் சீமைக்கருவேல முள், இரண்டாவது நெருஞ்சி. டியூபில் காற்றைக் கூட்டினாலும் முள் ஏறத்தான் செய்யும். குறைத்தால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் இடையில் டியூப் நசுங்கிக் கிழியும். டியூப்லெஸ்ஸில் உள்ளிருக்கும் சீலன்ட் திரவம் சிறு துளைகளைத் தானே அடைத்துவிடும். முள்ளைப் பிடுங்கியதும் அந்த இடம் கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பிச் சிறிது நேரம் நிறுத்துங்கள். நம் வெயிலில் சீலன்ட் விரைவில் உலர்ந்துவிடுவதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்ற வேண்டும். பெரும்பாலோர் இதை மறந்துவிட்டுத்தான் டியூப்லெஸ் உதவவில்லை என்கிறார்கள். 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மி.மீ. டயரில் 35 முதல் 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை காற்று போதும். இருந்தாலும் ஒரு டியூபும் கைப்பம்பும் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, திருமங்கலத்தைத் தாண்டி கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் எங்கள் கரிசலில் மழைக்காலத்தில் வராதீர்கள். மண் டயரோடு ஒட்டி, ஃபோர்க்கில் அடைத்து, சக்கரம் சுற்றவே சுற்றாது. தோளில் சுமந்துதான் வர நேரிடும். தை பிறந்தபின் வாருங்கள், அதே மண் கெட்டியான தளமாக இறுகியிருக்கும்.

புதூர்வாசி

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. மேகமலை எண்ணத்தைக் கைவிட்டேன். சோழவந்தான் ஐயா, இப்போது பெரியாற்றுத் தண்ணீர் திறந்திருக்கிறார்களே, வாய்க்கால் பாதைகளில் இந்த ஞாயிறு வரலாமா?

சோழவந்தான் கரை

தாராளமாக வரலாம். தண்ணீர் ஓடும்போது பார்ப்பதற்கு இன்னும் அழகு. வாய்க்காலை ஒட்டிய ஓரத்தில் மண் இளகியிருக்கும் என்பதால் வயல் பக்கமாக ஓட்டுங்கள். காலை 6 மணிக்குத் தென்கரைக் கண்மாயருகில் காத்திருக்கிறேன். அங்கிருந்து குருவித்துறை வரை நானும் உடன் வருகிறேன்.